தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர்களிடம் ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு லைக் போட வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டினாலும் சரி.

"டீச்சருக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று நம் குடும்பக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும். படிப்பும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், இன்ஜினியரிங் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் நடுநிலைப்பள்ளியில் 'வெப்பம்' பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பிரச்சினை முழுக்க அந்தப் பாடத்துக்குள்தான் இருக்கிறது. அதோடு கடந்த இரண்டு வாரத்தில் நான்கு சாயங்காலம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்தது உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் அண்ணன் மகன் ஒரு சின்ன டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறான். கார் என்றால் அவனுக்கு உயிர். ஒன்றரை வருடமாக அதை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறான். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினான். ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது வண்டி கொதித்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஐந்தே நிமிடத்தில் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறான். வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது. கழுத்திலும் கொஞ்சம். அவனுடைய ஆறு வயதுப் பெண் இரண்டடி தள்ளி நின்று "அப்பா, புகை" என்று கைகாட்டிக்கொண்டிருந்தாளாம். அந்த இரண்டடியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

அதற்குப் பிறகு குழுவில் என்ன நடந்தது? எல்லோரும் சேர்ந்து ஒரு மெக்கானிக்கைக் குற்றவாளி ஆக்கினீர்கள். "அவன்கிட்டதான வண்டி விட்டுட்டு இருந்தான்", "இந்த ஐ.டி.ஐ. பசங்களே இப்படித்தான்" என்றெல்லாம் எழுதினீர்கள். அந்த மெக்கானிக் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பெயர் சொன்னால் கூச்சப்படுவான், அதனால் சொல்லவில்லை. உண்மை என்ன தெரியுமா? தெர்மோஸ்டாட்டைக் கழற்ற முடியாது என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். "பழைய பஞ்சாங்கம்" என்று சொல்லிவிட்டு இவன் வேறு இடத்துக்குப் போய்க் கழற்றிக்கொண்டான். செய்யாதே என்று சொன்னவனுக்கு வசவு, செய்தவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. இந்த அநியாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு அளவுதான், பயப்பட வேண்டாம்.

பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் தண்ணீர்தான் வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்துப் போகாவிட்டால் இன்ஜின் உருகும். அதனால் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்ஜின் குளிர்ச்சியாக இருப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சுமார் 90 டிகிரியில், ஏறாமல் இறங்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. நம் உடம்பு 37 டிகிரியில் இருப்பது போல. காய்ச்சல் வந்தால் ஆபத்து. அதற்காக உடம்பை 30 டிகிரிக்கு இறக்கினால் ஆரோக்கியம் கூடுமா?

அந்தச் சமநிலையைக் காப்பதுதான் தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. அதன் நடுவில் ஒரு சின்ன உலோகக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. சூடு ஏறி 80, 90 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். வால்வு திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். சூடு இறங்கினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 'பொருள்கள் வெப்பத்தால் விரிவடையும்' என்று நான் போர்டில் எழுதிப்போட்ட ஒற்றை வரியை வைத்து ஓடும் கருவி. இப்போது வரும் சில வண்டிகளில் இதற்கு மின்சாரக் கட்டுப்பாடும் உண்டு. வேலை அதேதான்.

இதைக் கழற்றிவிட்டு நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது. "இதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" கேட்பதற்கு எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது! நம் ஊர் வெயில் 40 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்கு வேண்டியது 90. மீதி 50 டிகிரி யார் கொடுப்பது? வெளிநாட்டுப் பனியில் 90 டிகிரி தூரம் ஏற வேண்டும் என்றால் இங்கே 50, அவ்வளவுதான் வித்தியாசம். தூரம் குறைவு என்பதற்காக ஏணியையே எடுத்துவிடலாமா?

கழற்றினால் என்ன ஆகும்? மூன்று விஷயம்.

ஒன்று, வண்டி சூடேற வெகுநேரம் ஆகும். சமவெளியில் வேகமாக ஓடும்போது சூடே ஏறாது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவும், கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் தங்கும். கொஞ்ச நாளில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி 'ஜில்லுனு ஓடுது' என்று இவன் என்னிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்த மாதங்களில் உள்ளே நடந்தது இந்தத் தேய்மானம்தான்.

இரண்டாவதுதான் முக்கியம், கவனியுங்கள். தெர்மோஸ்டாட் ஒரு வழியைத் திறக்கும் கதவு மட்டும் அல்ல. பல இன்ஜின்களில் அது இரண்டு கதவு. மேலே ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கும்போது, கீழே இன்னொரு தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அந்தப் பைபாஸ் வழியாகப் போகும் தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றி வந்துவிடும். தெர்மோஸ்டாட்டை மொத்தமாகக் கழற்றினால் பைபாஸை அடைக்க ஆள் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பத் திரும்ப இன்ஜினுக்குள் போகும். சமவெளியில் தெரியாது. மலையில் முதல் கியர், இரண்டாவது கியரில், காற்று போதாமல், முழு பாரத்தோடு ஏறும்போது தெரியும். குளிர்ச்சிக்காகக் கழற்றியதே கொதிப்புக்குக் காரணமாகிவிடும். வால்பாறைப் பாதையில் நடந்தது இதுதான் என்று வண்டியைப் பிரித்துப் பார்த்த என் மாணவன் காட்டினான். என் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது, தண்ணீர். கூலன்ட்டை வடித்துவிட்டு வீட்டு போர் தண்ணியை ஊற்றியிருந்தான். "தண்ணிதான் அத்தை அதிகமா சூட்டை வாங்கும், நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க" என்றான். சொல்லிக்கொடுத்தேன், மறுக்கவில்லை. தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் 4.18. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அது குறையத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கு சுத்தமான தண்ணீருக்கு. நம் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். பக்கெட்டில், கெய்சரில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள் படியாமல் எங்கே போகும்? அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். அரிப்பைத் தடுக்கும் மருந்தும், கொதிநிலையை உயர்த்தும் கிளைக்காலும் கலந்ததுதான் கூலன்ட். பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாதியை விட்டவனுக்குக் கிடைத்த மதிப்பெண்தான் அந்த அடைத்துப்போன ரேடியேட்டர்.

உடனே ஒரு மாணவன் பின்னூட்டத்தில் கேட்பான் என்று தெரியும்: "ரேஸ் கார்ல தெர்மோஸ்டாட்டே இருக்காது டீச்சர். கூலன்ட்டும் ஊத்த மாட்டாங்க." சரிதான். பல ரேஸ் வண்டிகளில் இருக்காது. ஆனால் அந்த இடத்தில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த அளவான துளை போட்ட தட்டு வைப்பார்கள், பைபாஸையும் அடைப்பார்கள். ஃபார்முலா 1 இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே வெளியிலிருந்து சுடுதண்ணீரும் சூடான ஆயிலும் ஓட்டிச் சூடாக்குகிறார்கள். பல பந்தயத் தடங்களில் கிளைக்காலைத் தடை செய்திருப்பது, ரோட்டில் சிந்தினால் வழுக்கும் என்பதற்காக. அவர்கள் ஊற்றுவதும் போர் தண்ணீர் இல்லை, வடித்த தண்ணீரும் அரிப்புத் தடுப்பு மருந்தும். அந்த இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஒரு படையே நிற்கும். உன் வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள்?

இனி இன்டர்கூலர் விஷயம். இவன் மூன்று தடவை முறையை மாற்றியது இதில்தான்.

டர்போ காற்றை அமுக்கும். அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். சூடான காற்றை அப்படியே இன்ஜினுக்குக் கொடுத்தால் பலமும் குறையும், நாக்கிங்கும் வரும். அதனால் நடுவில் ஆற்றிக் கொடுப்பது இன்டர்கூலர். அதில் இரண்டு வகை. காற்றைக் காற்றாலேயே ஆற்றுவது ஒன்று. காற்றைத் தண்ணீரால் ஆற்றி, அந்தத் தண்ணீரை முன்பக்கத்தில் தனி ரேடியேட்டரில் ஆற்றுவது இன்னொன்று.

எது உயர்ந்தது என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். கேள்வியே தப்பு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பத்தில் சுமார் 3,500 லிட்டர் காற்றை ஒரு டிகிரி ஏற்றலாம். அதனால் திடீரென்று வரும் சூட்டைத் தண்ணீர் அலட்டாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு முறை சூடாகிவிட்டால் லேசில் ஆறாது. பம்பு நின்றால் கதை முடிந்தது. கால் மைல் இழுவைப் பந்தயத்தில் தொட்டியில் ஐஸ் போட்டு ஓட்டுகிறவனுக்குத் தண்ணீர் முறை வரம். தொடர்ந்து அரை மணி நேரம் அழுத்தி ஓட்டுகிறவனுக்குப் பெரும்பாலும் காற்று முறை நிம்மதி. டொயோட்டா செலிக்கா ஜிடி ஃபோர் என்ற ராலி காரில் முதல் தலைமுறையில் தண்ணீர் முறை, அடுத்ததில் காற்று முறை. அதிலேயே ராலிக்காகச் செய்த தனிப் பதிப்பில் மறுபடி தண்ணீர் முறை. அதே காலத்து சுபாருவில் லெகசியில் தண்ணீர் முறை, பின்னால் வந்த இம்பிரெஸாவில் காற்று முறை. ஆகப் பெரிய கம்பெனிகளே மாற்றி மாற்றித்தான் செய்திருக்கின்றன. மாற்றுவது பாவம் இல்லை.

ஆனால் அவர்கள் எப்படி மாற்றினார்கள், நாம் எப்படி மாற்றுகிறோம்? இவன் வண்டி கம்பெனியிலிருந்து தண்ணீர் முறையோடு வந்தது. முதலில் அதைக் கழற்றிவிட்டு முன்பக்கம் பெரிதாக ஒரு காற்று இன்டர்கூலர் வைத்தான். அது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைத்தது. காந்திபுரம் சிக்னலில் ஏசி ஓடவில்லை, இன்ஜின் சூடு ஏறியது. அந்தச் சூட்டைக் குறைக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான். அடிக்கடி கழற்றிப் பூட்ட வேண்டியிருந்ததால் கூலன்ட் வீணாகிறது என்று போர் தண்ணீர். பிறகு ஒரு வீடியோ பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீர் முறை, டிக்கியில் ஐஸ் பெட்டி. ஆனால் முன்பக்கத்துக் காற்று இன்டர்கூலர் அங்கேயே இருந்தது, "தேவைப்பட்டா மாத்திக்கலாம்னு" என்றான். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. கணக்கில் முதல் வரியில் தப்பு செய்துவிட்டு, கடைசி வரியில் விடையை மட்டும் அழித்து அழித்து எழுதும் பையன் போல.

ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூடச் சூட்டை அளந்து எழுதி வைக்கவில்லை. டாஷ்போர்டு முள் நடுவில்தானே இருந்தது என்கிறான். இன்றைக்கு வரும் பல கார்களில் அந்த முள், சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்று. உண்மையான எண் வேண்டுமென்றால் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு சின்னக் கருவி போதும், போனில் தெரியும். லட்சக்கணக்கில் செலவு செய்தவன் அதை வாங்கவில்லை.

இங்கே என் தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் இன்டர்கூலருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுத்தது நான்தான். "எதுக்குடா?" என்று கேட்டேன். "உங்களுக்குப் புரியாது அத்தை" என்றான். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். வகுப்பில் 'ஏன், எப்படி என்று கேள்' என்று வாழ்நாள் முழுக்கக் கத்தியவள், சொந்த வீட்டில் 'புரியாது' என்ற ஒரு சொல்லுக்கு அடங்கிப் போனேன். அதனால் அந்தக் கைத் தழும்பில் எனக்கும் பங்கு உண்டு. இந்தப் பதிவை அவனிடம் படித்துக்காட்டி, அவன் சம்மதத்தோடுதான் போடுகிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு கதை. சொய்ச்சிரோ ஹோண்டாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அவருக்குத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்ஜின் பிடிக்காது. கடைசியில் தண்ணீரையும் காற்றுதானே ஆற்றுகிறது, நேராகக் காற்றிலேயே ஆற்றினால் என்ன என்பது அவர் வாதம். 1968இல் காற்றால் குளிரும் இன்ஜினோடு ஆர்ஏ 302 என்ற ஃபார்முலா 1 காரைச் செய்தார்கள். உலக சாம்பியனாக இருந்த ஜான் சர்டீஸ், இது இன்னும் தயாராகவில்லை என்று ஓட்ட மறுத்துவிட்டார். ஆனாலும் ஜூலை 7 அன்று பிரான்ஸில் ரூவான் நகரத்துப் பந்தயத்தில் அதை இறக்கினார்கள். ஓட்டிய ஜோ ஷ்லெசர் தீயில் இறந்துபோனார். குளிர்விக்கும் முறைதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மழை, புது வண்டி, எளிதில் பற்றும் மெக்னீசியம் என்று பல உண்டு. நான் கேட்பது, 'தயாராகவில்லை' என்று சொன்னவனின் பேச்சு ஏன் எடுபடவில்லை என்பதுதான்.

அதற்குப் பிறகும் 1969இல் காற்றால் குளிரும் ஹோண்டா 1300 காரைக் கொண்டுவந்தார். கம்பெனியின் இளம் இன்ஜினியர்கள், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வரப்போகின்றன, சூட்டைச் சீராக வைக்கத் தண்ணீர்தான் வழி என்று போராடினார்கள். அவருடைய கூட்டாளி ஃபுஜிசாவா நடுவில் புகுந்து, நீங்கள் இங்கே தலைவரா, இன்ஜினியரா என்று கேட்க, ஹோண்டா இறங்கி வந்தார். 1972இல் தண்ணீரால் குளிரும் சிவிக் வந்து உலகம் முழுக்க ஓடியது. அடுத்த வருடம் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வளவு பெரிய மனிதர், தன் பெயர் எழுதிய கம்பெனியில், தன்னைவிடச் சின்னவர்கள் சொன்னதைக் கேட்டார். நம் வீட்டில் ஒரு மெக்கானிக் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை, அவனிடம் டிகிரி இல்லை என்பதால்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வண்டியை மாற்றி அமையுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு என்ன சொல்கிறது, இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து நோட்டில் எழுதுங்கள், டவுன் சிக்னலில் ஒன்று, மேட்டில் ஒன்று, ஹைவேயில் ஒன்று. ஒரு பாகம் எதற்கு இருக்கிறது என்று உங்கள் வாயால் விளக்க முடியாத வரை அதைக் கழற்றாதீர்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாணவர்களே, கஸ்டமர் கேட்கிறார் என்பதற்காகக் கழற்றிக் கொடுக்காதீர்கள். 'முடியாது' என்று சொல்லி அனுப்பிய உங்கள் நண்பனைப் பாருங்கள். ஒரு கஸ்டமர் போனார். அவன் மரியாதை போகவில்லை.

எல்லோருக்கும், கார் ஓட்டாதவர்களுக்கும்கூட: கொதித்த ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அது குக்கர். அதே அழுத்தம்தான், உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடி திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகச் சீறும். விசில் அடங்காத குக்கரை எந்த வீட்டிலாவது திறக்கிறோமா? வண்டியை நிறுத்துங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள், நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, வால்பாறை எங்கேயும் ஓடிப்போகாது.

உறவினர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஹெட் இறக்கி, கேஸ்கெட் மாற்றி, ரேடியேட்டர் புதிது போட்டு, கம்பெனி தெர்மோஸ்டாட்டை வைத்து, வண்டியை என் மாணவன்தான் சரிசெய்து கொடுத்திருக்கிறான். லேபர் சார்ஜ் பாதிதான் வாங்கினான். குழுவில் அவனைப் பற்றி எழுதியது எதையும் அவன் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் அவனுக்கும் போயிருக்கிறது. "பரவாயில்ல டீச்சர், விடுங்க" என்கிறான். நான் விடுவதாக இல்லை.

என் அண்ணன் மகன் கட்டோடு போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டான். எழுதிய மற்ற நான்கு பேரும் யார் என்று உங்களுக்கே தெரியும். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள், தருகிறேன்.

பாடத்தில் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகத் திருத்துங்கள். டீச்சரைத் திருத்தலாம், தப்பில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்